ஊசி வேண்டும், உருட்டல் வேண்டாம்!

கொரோனா தடுப்பூசி உயிர்களைக் காத்தது. அதில் எனக்குச் சந்தேகமில்லை. ஆனால் கட்டாயப்படுத்தியது சரியா?

2021 நவம்பரில், பொது இடங்களுக்கு வருவோர் தடுப்பூசி போட்டிருக்க வேண்டும் என்று தமிழக அரசு உத்தரவிட்டது. மில் வேலைக்குப் போன என் அம்மாவை, "சர்டிபிகேட் இல்லாம உள்ள வராதே" என்று கேட்டிலேயே திருப்பி அனுப்பினார்கள். எட்டு நாள் கூலி போச்சு! மாதச் சம்பளக்காரர் லீவு போடலாம். தினக்கூலி வீட்டில் அடுப்பு எரிய வேண்டாமா?

"நோய் அடுத்தவருக்கும் பரவுமே" என்பார்கள். நியாயம்தான். ஆனால் அம்மாவிடம் இருந்தது வீம்பு அல்ல, பயம். அதைப் போக்கியது உத்தரவா? இல்லை. நர்சம்மா எங்கள் திண்ணையில் உட்கார்ந்து, "ரெண்டு நாள்ல காய்ச்சல் விட்டுடும், பயப்படாதேம்மா" என்று சொன்ன வார்த்தைதான். மறுநாளே அம்மா ஊசி போட்டுக்கொண்டார்.

2022 மே 2 அன்று ஜேக்கப் புலியேல் வழக்கில் உச்ச நீதிமன்றம், யாரையும் வற்புறுத்தி ஊசி போட முடியாது என்றது. பொதுநலனுக்காக அரசு கட்டுப்பாடு விதிக்கலாம், அது அளவோடு இருக்க வேண்டும் என்றும் சொன்னது.

தோழர்களே, நாளை நம்மில் பலர் சூப்பர்வைசர்கள் ஆவோம். இன்னொரு நோயும் வரலாம். அன்று கேட்டை மூடுவதற்கு முன், உள்ளே வர நிற்பவரிடம் இரண்டு நிமிடம் பேசுவோம். ஊசி போட்ட நாளுக்குக் கூலியோடு லீவு கொடுப்போம்!

– இரண்டாமாண்டு இயந்திரவியல் மாணவன்