வேப்பமர நிழல் யாருக்கு?



சென்ற ஞாயிறு ஆராதனை முடிந்தபின், மூத்த விசுவாசி ஒருவர் கழிப்பறைச் சுவருக்குப் பின்னாலிருந்து தமது மிதிவண்டியை உருட்டிக்கொண்டு வந்தார். வெயிலில் இருக்கை கொதித்தது, பின்சக்கரத்தில் காற்றில்லை. "அங்கே ஏன் நிறுத்தினீர்கள்?" என்று கேட்டேன். "கார் நிக்கணும், ஓரமா வைங்கன்னாங்க. பரவாயில்லைங்க ஐயா" என்றார்.

வாலிபர்களிடம் அந்த ஏற்பாட்டைச் செய்யச் சொன்னவன் நானே. எனக்கும் கார் கிடையாது. துருகம் சாலையானாலும் கச்சிராயபாளையம் சாலையானாலும் வீடு சந்திக்க மிதிவண்டியில்தான் செல்கிறேன். ஆயினும் போதகரின் வண்டி என்பதால் அது ஆலயப் படியருகே நிழலில் நிற்கிறது. ஒருவரும் அதை நகர்த்துவதில்லை. இதை உணர்ந்தபோது வெட்கினேன்.

காரை நான் பழிக்கவில்லை. முதியோரையும் நோயுற்றோரையும் ஆலயத்துக்கு அழைத்துவர அது வேண்டும். கல்வராயன் மலைக்கு என் மிதிவண்டியும் உதவாது. வெள்ளிமலைக்குப் பேருந்தில்தான் ஏறுகிறேன். ஆனால் மிதிவண்டியை வறுமையின் அடையாளமாக எண்ணுவது தவறு.

1990-களின் தொடக்கத்தில் புதுக்கோட்டை மாவட்டத்தின் அறிவொளி இயக்கம், கிராமத்துப் பெண்களுக்கு எழுத்தோடு மிதிவண்டி ஓட்டவும் கற்றுக்கொடுத்தது. அன்றைய ஆட்சியர் ஷீலா ராணி சுங்கத் அதற்குத் துணைநின்றார். கணவனையோ பேருந்தையோ எதிர்பாராமல் தண்ணீருக்கும் சந்தைக்கும் வேலைக்கும் அப்பெண்கள் தாங்களே சென்றார்கள். 2001-ஆம் ஆண்டு தமிழக அரசு, பதினொன்றாம் வகுப்பு பயிலும் ஆதிதிராவிட, பழங்குடி மாணவியருக்கு விலையில்லா மிதிவண்டி வழங்கத் தொடங்கியது. பின்பு அத்திட்டம் மற்ற மாணவ மாணவியருக்கும் விரிந்தது. நம் சபைப் பிள்ளைகள் பலர் அந்த வண்டியில்தான் ஆலயத்துக்கும் வருகிறார்கள். அவர்கள் கற்ற கல்வியில் அந்தச் சக்கரங்களுக்கும் பங்குண்டு. அதையா நாம் கழிப்பறைக்குப் பின்னால் ஒளித்துவைப்பது?

பொன்மோதிரம் அணிந்து வருகிறவனுக்கு நல்ல ஆசனமும், கந்தை உடுத்தியவனுக்கு ஓர் ஓரமும் காட்டுகிற சபையை யாக்கோபு தமது நிருபத்தின் இரண்டாம் அதிகாரத்தில் கடிந்துகொள்கிறார். நாம் ஆலயத்துக்குள் அனைவரையும் ஒரே பாயில் அமர்த்துகிறோம். வாசலுக்கு வெளியேயோ பாகுபாடு செய்கிறோம். ஆராதனை வாசலிலேயே தொடங்குகிறது அல்லவா?

ஆகவே, வரும் ஞாயிறு முதல் வாசலருகே உள்ள வேப்பமர நிழல் மிதிவண்டிகளுக்கே உரியது. ஒரு கார் நிற்கும் இடத்தில் எட்டுப் பத்து மிதிவண்டிகள் நிற்கும். நடக்க இயலாதோரை ஏற்றிவரும் கார் படிவரை வரலாம். மற்றவை வெளியே நிற்கட்டும். காருடைய சகோதரரே, பத்தடி அதிகமாக நடப்பதை இழப்பாக எண்ணாதீர்கள். திங்கட்கிழமை நான்குமுனைச் சந்திப்பில் உங்களுக்கு முன்னால் ஒரு மிதிவண்டி மெதுவாகச் சென்றால், ஹாரனை அழுத்துமுன் சற்றுப் பொறுங்கள். முந்தின நாள் உங்களருகே அமர்ந்து ஜெபித்தவராகவும் அவர் இருக்கலாம்.

அந்தப் பெரியவரிடம் நான் மன்னிப்புக் கேட்டுவிட்டேன். அடுத்த ஞாயிறு அவருடைய வண்டி நிழலில் நிற்பதைக் காண விரும்புகிறேன்.

கர்த்தர் தாமே நம் ஒவ்வொருவருக்கும் தாழ்மையைத் தந்தருள்வாராக. ஆமென்.