நம்மவர் என்பதற்காக நியாயம் மாறுமா?



சில நாட்களுக்கு முன் கடைவீதியில் மஃரிப் தொழுகையை முடித்துவிட்டு ஒரு சகோதரரின் கடையில் அமர்ந்திருந்தேன். கல்லாப் பெட்டிக்கு மேலே முஹம்மத் அலியின் படம் மாட்டப்பட்டிருந்தது. பேச்சு குத்துச்சண்டை வீரர்கள் பக்கம் திரும்பியது. ஓர் இளைஞர் கேட்டார்: "ஹஜ்ரத், அலி என்றால் உயிர். ஆனால் டைசனை எவ்வளவு முயன்றும் மனம் ஏற்கவில்லை. அவரும் கலிமா சொன்னவர்தானே? நம்மவரைப் பிடிக்கவில்லை என்று சொல்வது பாவமில்லையா?"

நல்ல கேள்வி. குத்துச்சண்டையைப் பற்றிய கேள்வி மட்டுமல்ல இது. நாம் யாரை நேசிக்கிறோம், எதற்காக நேசிக்கிறோம், நேசிப்பவரின் தவறை எப்படி எடைபோடுகிறோம் என்ற கேள்வி. நம் ஜமாஅத்தும், இயக்கமும், வியாபாரமும் நிமிர்ந்து நிற்பதும் கவிழ்ந்து விழுவதும் இந்த எடைக்கல்லில்தான் இருக்கிறது.

முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். எதிரியின் முகத்தில் குத்தி வீழ்த்துவதையே நோக்கமாகக் கொண்ட இந்த விளையாட்டுக்கு வக்காலத்து வாங்க நான் எழுதவில்லை. முகத்தில் அடிப்பதை நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் தடுத்துள்ளார்கள். மக்காவில் கூடிய இஸ்லாமிய ஃபிக்ஹ் கவுன்சில் 1987-ல் இன்றைய குத்துச்சண்டை கூடாது என்றே முடிவு செய்தது. 1981-ல் களத்தை விட்டு விலகிய அலிக்கு 1984-ல் பார்க்கின்சன் நோய் இருப்பது கண்டறியப்பட்டது. கை நடுங்க, நாக்குக் குழற அவர் வாழ்ந்த காலத்தை உலகமே பார்த்தது. எனவே விளையாட்டை விட்டுவிட்டு மனிதர்களைப் பார்ப்போம்.

யாரும் வராத விமான நிலையம்

சன்னி லிஸ்டன் என்றொரு வீரர். ஆயுதம் காட்டிக் கொள்ளையடித்த குற்றத்துக்காகச் சிறை சென்றவர். எழுதப் படிக்கத் தெரியாதவர். சிறையில்தான் குத்துச்சண்டை கற்றார். வெளியே வந்த பின்னும் ரவுடிக் கும்பல்களின் பிடியில் இருந்தார். 1962 செப்டம்பரில் பிளாய்ட் பேட்டர்சனை முதல் சுற்றிலேயே வீழ்த்தி உலக ஹெவிவெயிட் சாம்பியன் ஆனார். ஊர் திரண்டு வரவேற்கும் என்ற எதிர்பார்ப்போடு பிலடெல்பியாவில் விமானத்திலிருந்து இறங்கினார். வரவேற்கக் கூட்டமே இல்லை!

கறுப்பின மக்களிலேயே பலருக்கு அவரைப் பிடிக்கவில்லை. அவர் செய்த குற்றங்கள் ஒரு காரணம். ஆனால் தண்டனையை அனுபவித்து முடித்த பின்னும் திருந்தி வாழ ஒரு வாசலைக்கூட அந்தச் சமூகம் அவருக்குத் திறக்கவில்லை என்பதும் உண்மை. 1971 ஜனவரியில் லாஸ் வேகாஸில் தன் வீட்டிலேயே பிணமாகக் கிடந்தார். எந்த நாளில் இறந்தார் என்பதுகூட யாருக்கும் சரியாகத் தெரியாது.

ஒருவரைப் பிடிக்காமல் போவதற்கு இரண்டு காரணங்கள் உண்டு. ஒன்று, அவர் செய்த செயல். மற்றொன்று, அவர் யார் என்பது. முதலாவது நியாயமாக இருக்கலாம். இரண்டாவது ஒருபோதும் நியாயமாகாது. இந்த இரண்டையும் பிரித்துப் பார்க்கத் தெரியாதவன் நீதிபதியாக இருக்கவும் முடியாது; நல்ல தொண்டனாக இருக்கவும் முடியாது.

டைசனை என்ன செய்வது?

மைக் டைசன் 1986 நவம்பரில் 20 வயதிலேயே உலக ஹெவிவெயிட் சாம்பியன் ஆனார். 1992-ல் 18 வயதுப் பெண்ணைப் பாலியல் வன்கொடுமை செய்த வழக்கில் அமெரிக்க நீதிமன்றம் அவரைக் குற்றவாளி என்று தீர்ப்பளித்து, 6 ஆண்டு சிறைத் தண்டனை விதித்தது. அந்தக் குற்றத்தை அவர் மறுத்தே வந்திருக்கிறார். சிறையில் இஸ்லாத்தை ஏற்றார். 1995 மார்ச்சில் விடுதலையானதும் நேராகப் பள்ளிவாசலுக்குச் சென்று தொழுதார். அல்ஹம்துலில்லாஹ்!

அந்தச் செய்தியைக் கேட்டு மகிழ்ந்தது தவறல்ல. ஆனால் நம்மில் சிலர் என்ன செய்தார்கள்? அதுவரை டைசனை ஏறெடுத்தும் பார்க்காதவர்கள், அன்று முதல் அவருக்கு வக்கீலாக மாறினார்கள். "அந்தப் பெண் ஏன் அங்கே போனாள்?" என்று கேட்டார்கள். சகோதரர்களே! இஸ்லாத்தை ஏற்றவரின் முந்தைய பாவங்களை அல்லாஹ் அழிக்கிறான் என்பது உண்மை. அது அவனுடைய கருணை. பாதிக்கப்பட்ட ஒரு பெண்ணைத் தூற்றுவதற்கு அது நமக்குத் தரப்பட்ட அனுமதிச் சீட்டு அல்ல! அந்தப் பெண் உங்கள் தங்கையாக இருந்தால் இப்படிக் கேட்பீர்களா?

கலிமா சொன்ன பின்னும் டைசனின் கோபம் அடங்கவில்லை. 1997 ஜூனில் ஹோலிபீல்டின் காதைக் கடித்துத் துண்டாக்கினார். 30 லட்சம் டாலர் அபராதம் விதிக்கப்பட்டது, உரிமமும் பறிபோனது. 1999-ல் வாகன ஓட்டிகளைத் தாக்கிய வழக்கில் மீண்டும் சிறை சென்றார். அடுத்தவனை வீழ்த்துபவன் அல்ல, கோபத்தின்போது தன்னை அடக்குபவனே பலசாலி என்பது நபிகள் நாயகம் (ஸல்) அவர்களின் போதனை. அந்த அளவுகோலில் உலகின் மிகப் பலமான கைகளுக்குச் சொந்தக்காரர் தோற்றுப் போனார்.

ஆனால் கதை அங்கே முடியவில்லை. 2009-ல் தொலைக்காட்சி நிகழ்ச்சி ஒன்றில் ஹோலிபீல்டை நேருக்கு நேர் சந்தித்து மன்னிப்புக் கேட்டார். ஹோலிபீல்டு கிறிஸ்தவர், மன்னித்தார். இருவரும் நண்பர்களானார்கள். தவறு செய்தபோது 'நம்மவர்' என்று மூடி மறைப்பதும் கூடாது. திருந்தி நடந்தபோது 'இவன் இப்படித்தான்' என்று முத்திரை குத்துவதும் கூடாது.

பிரிட்டனில் யமன் நாட்டுப் பெற்றோருக்குப் பிறந்த நஸீம் ஹமீதையும் நினைவூட்டுகிறேன். 1995-ல் உலகப் பட்டம் வென்றார். வளையத்துக்குள் வருவதே ஒரு திருவிழாவாக இருக்கும். பறக்கும் கம்பளத்தில்கூட வந்து இறங்கினார். எதிரியைக் கேலி செய்து, கைகளைத் தொங்கவிட்டு ஆடினார். 2001-ல் பரேரா என்ற மெக்சிகோ வீரர் அந்தப் பெருமையை அடித்து நொறுக்கினார். 2006-ல் ஆபத்தான முறையில் கார் ஓட்டி ஒருவரைப் படுகாயப்படுத்திய வழக்கில் 15 மாதச் சிறை. அரசு கொடுத்திருந்த விருதும் பறிக்கப்பட்டது. பெருமை எங்கே கொண்டுபோய் விடுகிறது பார்த்தீர்களா?

அலியிடமும் கேட்க வேண்டிய கேள்வி

இப்போது சொல்லப்போவது சிலருக்குக் கசக்கும். அலி மீது எனக்கும் நேசம் உண்டு. வியட்நாம் போருக்கு வர மாட்டேன் என்று 1967-ல் மறுத்தார். பட்டம் போனது. 5 ஆண்டு சிறைத் தண்டனை விதிக்கப்பட்டது. மூன்றரை ஆண்டு களமிறங்க முடியவில்லை. 1971-ல் உச்ச நீதிமன்றம் அந்தத் தண்டனையை ரத்து செய்யும் வரை கொள்கையை விற்கவில்லை. அவருடைய புதுப் பெயரைக்கூட ஏற்காமல் ஆண்டுக்கணக்கில் 'க்ளே' என்றே பல பத்திரிகைகள் எழுதின. அது அவர் யார் என்பதற்காக வந்த வெறுப்பு, அநீதி.

ஆனால் ஜோ பிரேசியர் என்றொரு மனிதர் இருந்தார். தென் கரோலினாவின் ஏழை விவசாயக் குடும்பத்தில் பிறந்து, பிலடெல்பியாவில் இறைச்சிக் கூடத்தில் வேலை பார்த்து, 1964-ல் டோக்கியோவில் ஒலிம்பிக் தங்கம் வென்றவர். அலி தடை செய்யப்பட்டிருந்த காலத்தில் அவருக்குப் பண உதவி செய்தார். அவருக்கு மீண்டும் உரிமம் கிடைக்க வேண்டும் என்று பேசினார்.

அதற்கு அலி செய்த கைம்மாறு என்ன? 1971 போட்டிக்கு முன் அவரை 'அங்கிள் டாம்' என்றார். வெள்ளையருக்குக் கைகட்டி நிற்கும் கறுப்பன் என்பது அதன் பொருள். 1975-ல் மணிலா போட்டிக்கு முன் 'கொரில்லா' என்றார். கொரில்லா பொம்மையைக் கையில் வைத்துக்கொண்டு பத்திரிகையாளர்கள் முன் குத்திக் காட்டினார். பிரேசியரின் பிள்ளைகள் பள்ளிக்கூடத்தில் கேலிக்கு ஆளானார்கள். மேடையில் சொன்ன சொல் மேடையோடு போகவில்லை. அடுத்தவன் வீட்டுக்குள் புகுந்தது!

மால்கம் எக்ஸ் விஷயத்திலும் இதே கதைதான். எலிஜா முஹம்மதைத் தூதர் என்று சொன்ன, இஸ்லாத்தின் அடிப்படைக்கே முரணான கொள்கையுடைய இயக்கத்தில் இருவரும் இருந்தார்கள். 1964-ல் மால்கம் அதிலிருந்து விலகினார், ஹஜ் செய்தார், உண்மையான இஸ்லாத்தை அறிந்தார். அதே ஆண்டு கானா நாட்டில் நண்பரைக் கண்டு ஆவலோடு வந்த அவரிடம் அலி முகம் கொடுக்கவில்லை. 1965 பிப்ரவரியில் மால்கம் சுட்டுக் கொல்லப்பட்டார். அலி நேர்வழிக்குத் திரும்பியது 1975-ல். மால்கமைப் புறக்கணித்தது தன் வாழ்வின் பெரிய தவறுகளில் ஒன்று என்று பிற்காலத்தில் தன் நூலில் வருந்தினார். ஆனால் மன்னிப்புக் கேட்க ஆள் இல்லை!

பிரேசியரிடம் 2001-ல் ஒரு பத்திரிகைப் பேட்டி வழியாக அலி மன்னிப்புக் கேட்டார். பத்திரிகையிடம் சொல்ல வேண்டாம், என்னிடம் நேரில் சொல்லட்டும் என்பதே பிரேசியரின் பதிலாக இருந்தது. 30 ஆண்டுகள் அந்தக் கசப்பு அவர் நெஞ்சை விட்டுப் போகவில்லை. 1996-ல் அட்லாண்டாவில் நடுங்கும் கையால் அலி ஒலிம்பிக் தீபம் ஏற்றியபோது உலகம் கண் கலங்கியது; பிரேசியரோ கடுமையான வார்த்தைகளைப் பேசினார். அதைக் கேட்ட ரசிகர்கள் "இந்த மனிதரை எப்படி நேசிப்பது?" என்றார்கள். காயப்படுத்தியவர் மேடையில், காயப்பட்டவர்மீது பழி! 2011-ல் பிரேசியர் இறந்தபோது நோயுற்ற உடலோடு அலி அவருடைய இறுதி நிகழ்ச்சிக்கு வந்து எழுந்து நின்று கை தட்டினார். 2016-ல் அலியும் இறைவனிடம் மீண்டார். அவருடைய கணக்கு அல்லாஹ்விடம். நாம் நீதிபதிகள் அல்ல. பாடம் படிக்க வேண்டியவர்கள்.

நமக்கு என்ன பாடம்?

மதீனாவில் நடந்ததாக தஃப்ஸீர் நூல்கள் ஒரு சம்பவத்தைச் சொல்கின்றன. முஸ்லிம் என்று சொல்லிக்கொண்ட ஒருவன் கவசத்தைத் திருடி, பழியை ஒரு யூதர்மீது போட்டான். அவனுடைய குடும்பத்தார் அவனுக்காகப் பரிந்து பேசினார்கள். குர்ஆன் வசனம் இறங்கியது. யாருக்குச் சாதகமாக? குற்றமற்ற அந்த யூதருக்குச் சாதகமாக! இதுதான் நம் மார்க்கம். சொந்தமும் பகையும் நீதியை வளைக்கக் கூடாது.

வியாபாரிகளே! எடையில் குறைப்பவன் தொப்பி அணிந்திருந்தால் எடை சரியாகிவிடுமா? வாங்கிய சரக்குக்குப் பணம் தராமல் இழுத்தடிப்பவன் நம் ஜமாஅத் நிர்வாகி என்றால் கடன் ஹலாலாகிவிடுமா? பக்கத்துக் கடை மாற்று மத சகோதரர் சொன்ன சொல் தவறாமல் நடக்கிறார் என்றால், அதை வாய் திறந்து சொல்ல நமக்கு என்ன தயக்கம்?

இளைஞர்களே! மேடையில் எதிர்த் தரப்பை வசைபாடும் பேச்சாளருக்குத் தக்பீர் முழங்குகிறீர்கள். அடுத்த இயக்கத்துக்காரரின் உருவத்தையும் குடும்பத்தையும் கேலி செய்தால் சிரிக்கிறீர்கள். அந்தப் பேச்சாளர்களில் நானும் ஒருவனாக இருந்திருக்கிறேன். கைதட்டலுக்காகச் சொன்ன ஒரு சொல்லுக்காக, பல ஆண்டுகள் கழித்து ஒருவர் வீட்டு வாசலில் போய் நின்றேன். மேடை ஏறுவதைவிட அந்த வாசல்படி ஏறுவது கடினமாக இருந்தது.

தொழுகையும் நோன்பும் ஜகாத்தும் மூட்டையாகக் கொண்டுவந்தும், ஒருவனைத் திட்டியதாலும், ஒருவன் பொருளைத் தின்றதாலும் நன்மையெல்லாம் பறிபோய் மறுமையில் திவாலாகி நிற்பவனைப் பற்றி நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் எச்சரித்துள்ளார்கள். கடைவீதியில் இருப்பவர்களுக்குத் திவால் என்றால் என்னவென்று நான் விளக்க வேண்டியதில்லை.

கல்லாவுக்கு மேலே இருக்கும் அந்தப் படத்தைக் காட்டி, அந்த இளைஞரிடம் நான் சொன்னதையே உங்களிடமும் சொல்கிறேன்: அலியை நேசியுங்கள். ஆனால் பிரேசியரின் நியாயத்தை மறைக்காதீர்கள். டைசனுக்காக துஆ செய்யுங்கள். ஆனால் அவர் செயலுக்கு வக்கீலாகாதீர்கள். நீங்கள் யாருடைய மனதையாவது புண்படுத்தியிருந்தால், அவர் உயிரோடு இருக்கும்போதே, ஆள் அனுப்பாமல், நேரில் போய் மன்னிப்புக் கேளுங்கள். இன்றே போங்கள்!

நீதியின் பக்கம் நிற்கும் சமுதாயமாக அல்லாஹ் நம்மை ஆக்குவானாக. ஆமீன்.