தாயம் விழுவது திறமையா?

"பழைய கேம்தான் சார் கேம். இப்ப வர்றதெல்லாம் குழந்தைக்குச் சோறு ஊட்டுற மாதிரி."

திருவனந்தபுரத்துக்கு மாற்றலாகி வந்ததிலிருந்து இந்த வசனத்தைக் கேட்டுக் கேட்டுக் காது புளித்துவிட்டது. டெக்னோபார்க் பையன்கள் மலையாளத்தில் சொன்னாலும், என் வயசுக்காரர்கள் தமிழில் சொன்னாலும் சாரம் ஒன்றுதான்: முதல் ஒரு மணி நேரத்தில் பத்துத் தடவை சாகடித்தால் அது உசத்தியான கேம். இன்றைக்கு இதை ஒரு கை பார்த்துவிடுவோம்.

முதலில் கணக்கு (பி.காம். படித்தவனிடம் வேறென்ன எதிர்பார்ப்பீர்கள்?). இவர்கள் தலையில் தூக்கி வைத்துக் கொண்டாடும் பால்டர்ஸ் கேட் 1998 டிசம்பரில் ஐந்து சி.டி.யில் வந்தது. டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ் இரண்டாம் பதிப்பு விதிகள். முதல் நிலை மந்திரவாதிக்கு உயிர்ப்புள்ளி 4. உடல்வலு நன்றாக இருந்தால் 6. சாதாரண மந்திரவாதிக்கு நாளைக்கு ஒரே ஒரு மந்திரம். எதிரியின் அம்பு பட்டால் சேதம் 1 முதல் 6 வரை. ஆக, 4 புள்ளிக்காரன் ஒரே அம்பில் சாக பாதிக்குப் பாதி வாய்ப்பு. அவன் கதாநாயகனாக இருந்தால் ஆட்டமே முடிந்தது. அடுத்த நிலைக்குப் போக 2500 அனுபவப் புள்ளி வேண்டும்.

மூலதனமே இல்லாமல் கடை திறப்பது என்பது இதுதான். வங்கிகளையே ரிசர்வ் வங்கி குறைந்தது 9 சதவீத மூலதனம் வைத்திருக்கச் சொல்கிறது. ஏன்? ஒரு அடி விழுந்தால் தாங்க வேண்டும், தாங்கினால்தான் அடுத்த முடிவை எடுக்க முடியும்.

முடிவு. அதுதான் விஷயமே. ஃப்ரெண்ட்லி ஆர்ம் இன் விடுதி வாசலில் டார்னெஷ் என்று ஒருத்தன் நிற்பான். ஹாரர் மந்திரம் போடுவான். உங்கள் ஆட்கள் பயந்து திசைக்கொருவராக ஓடுவார்கள், மவுஸ் சொன்ன பேச்சுக் கேட்காது. நீங்கள் வேடிக்கை பார்க்க வேண்டியதுதான். இதில் திறமை எங்கே வந்தது?

நம் ஊர் தாயக்கட்டையை எடுத்துக்கொள்ளுங்கள். தாயம் விழாமல் காய் இறங்காது. 0, 1, 2, 3 போட்ட இரண்டு கட்டைகளில் தாயம் விழ எட்டில் ஒரு வாய்ப்பு. பத்துத் தடவை உருட்டியும் விழாமல் போக நாலில் ஒரு வாய்ப்பு உண்டு. ஆனால் எந்த ஆச்சியாவது "எனக்குத் தாயம் விழுந்தது என் மூளையால்" என்று சொல்லிக் கேட்டிருக்கிறீர்களா? அதிர்ஷ்டம் என்றுதான் சொல்வார்கள். காயை எப்படி நகர்த்துவது, எப்போது வெட்டுவது என்பதில்தான் கெட்டிக்காரத்தனம். ஆச்சிகளுக்கு இருந்த நேர்மை நம் பழைய வீரர்களுக்கு இல்லை.

"ஸ்லீப் மந்திரம் எடுத்துக்கோ, தூரத்தில நின்னு கவண் அடி, முதல்ல கூட்டம் சேரு" என்பார்கள். சரிதான், பலன் தரும். ஆனால் முதன்முதலாக ஆடுகிறவனுக்கு இது எப்போது தெரியும்? செத்த பிறகு! செத்ததும் என்ன செய்கிறோம்? சேவ் செய்த இடத்திலிருந்து மறுபடி லோட். வராக்கடனை மூட அதே ஆளுக்குப் புதுக்கடன் கொடுத்து, கணக்கு ஜோராக இருக்கிறது என்று காட்டுவதை எங்கள் தொழிலில் எவர்கிரீனிங் என்போம். இருபது தடவை லோட் செய்து ஜெயித்துவிட்டு மார்தட்டுவதும் அதுதான்.

கஷ்டமே கூடாது என்று நான் சொல்லவில்லை. 1981-ல் வந்த விசர்ட்ரியைப் பாருங்கள். ஆள் செத்தால் அது அப்படியே டிஸ்க்கில் எழுதப்படும். கோவிலில் காசு கட்டி உயிர்ப்பிக்கலாம், அதுவும் தவறினால் சாம்பல். அதற்கும் மேல் தவறினால் ஆள் நிரந்தரமாகக் காலி. கொடூரம்தான். ஆனால் நஷ்டம் நஷ்டமாகவே கணக்கில் ஏறுகிறது. அதனால் "இன்னும் ஒரு அறை போகலாமா, திரும்பிவிடலாமா" என்ற கேள்விக்கு அர்த்தம் இருக்கிறது.

இந்த விதிகளின் பூர்வீகம் கம்ப்யூட்டரே இல்லை. 1974-ல் கைகாக்ஸும் ஆர்னெசனும் வெளியிட்டது மேஜையைச் சுற்றி உட்கார்ந்து ஆடும் ஆட்டம். நடுவராக ஒரு மனுஷன் இருப்பான். புதுப் பையன் முதல் அடியிலேயே சாகப் போனால் ஓநாயைக் கொஞ்சம் தடுமாற வைப்பான். கம்ப்யூட்டருக்கு மாற்றியபோது பகடையைக் கொண்டுவந்தார்கள், அந்த மனுஷனை விட்டுவிட்டார்கள். மேனேஜரின் விருப்புரிமையை எடுத்துவிட்டு விதிப்புத்தகத்தை மட்டும் கவுண்டரில் வைத்த மாதிரி.

கடைசியாக ஒன்று. பெருமை பேசுகிறவர்கள் எல்லாம் தாண்டி வந்தவர்கள். முதல் நாளே வெறுத்துப்போய் விட்டுவிட்டவன் பேச வருவதில்லை. பிரவுசிங் சென்டரில் மணிக்கணக்கில் காசு கொடுத்து ஆடியவனுக்கும், ராத்திரி முக்கால் மணி நேரம் மட்டும் கிடைக்கிற உத்தியோகஸ்தனுக்கும் ஒவ்வொரு லோடும் செலவு. அவர்களை வாசலிலேயே வடிகட்டிவிட்டு, உள்ளே இருப்பவர்கள் "நாங்கள்தான் தேறியவர்கள்" என்பது என்ன நியாயம்?

2023-ல் வந்த மூன்றாம் பால்டர்ஸ் கேட்டில் மந்திரவாதிக்கு எத்தனை தடவை வேண்டுமானாலும் வீசக்கூடிய நெருப்பு மந்திரம் முதல் நிலையிலேயே உண்டு. ஊட்டி விடுவதல்ல அது. தாயம் போட்டுக் காயை இறக்கிக் கொடுத்துவிட்டு, "இப்ப ஆடு பார்க்கலாம்" என்பது. தோற்றால் அப்போது நம் தப்பு. அந்தத் தோல்விக்குத்தான் மரியாதை!