முன்பக்கம் பார்த்து வாங்காதீர்கள், பின்பக்கம் பாருங்கள்



சென்ற மாதம் பட்டினப்பாக்கத்தில் உள்ள என் மளிகைக் கடைக்கு ஓர் இளைஞர் வந்தார். கையில் பளபளவென்று ஒரு பில் போடும் மெஷின். திரையைத் தொட்டால் பில் வரும், சரக்கு இருப்பு தானாகக் குறையும், கணக்கெல்லாம் எங்கோ இருக்கும் கம்ப்யூட்டரில் ஏறிக்கொள்ளும் என்றார். மாத வாடகையும் சொன்னார்.

"தம்பி, இது என் பழைய பிரிண்டரில் அச்சடிக்குமா?" என்று கேட்டேன். மூலையில் துணி போர்த்தியிருந்த டாட் மேட்ரிக்ஸைப் பார்த்து அவருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "இதையெல்லாம் இன்னுமா வச்சிருக்கீங்க, அண்ணாச்சி?" என்றார். "சரி, நாளைக்கு நான் வாடகையை நிறுத்தினால் என் கணக்கு என் கைக்கு வருமா?" என்றேன். "ஆபீஸ்ல கேட்டுச் சொல்றேன்" என்று போனவர்தான், இன்னும் வரவில்லை.

அவர் சிரித்ததில் எனக்கு வருத்தமில்லை. அந்தப் பிரிண்டரின் கதை அவர் பிறப்பதற்கு முந்தியது. ஆனால் நம்மைப் போன்ற சிறு வியாபாரிகள் மெஷின் வாங்கப் போகும்முன் அந்தக் கதையைக் கேட்டிருப்பது நல்லது.

1981 ஆகஸ்டில் ஐ.பி.எம். கம்பெனி தன் முதல் பர்சனல் கம்ப்யூட்டரை அமெரிக்காவில் அறிவித்தது. ஆரம்ப விலை 1,565 டாலர். அந்த விலைக்குத் திரையும் கிடையாது, பிளாப்பி டிரைவும் கிடையாது. வீட்டு டி.வி.யில் இணைத்துப் பார்த்து, பாட்டுக் கேட்கும் கேசட்டில் பதிந்துகொள்ள வேண்டியதுதான். பெயர் ஐ.பி.எம். என்றாலும் உள்ளே இருந்த மூளை இன்டெல் கம்பெனியுடையது. இயக்கிய புரோகிராம் மைக்ரோசாப்ட் கொடுத்தது. பிளாப்பி டிரைவ் தனியாக வாங்கினால், அதைச் செய்து கொடுத்தது நம் நாட்டில் பிறந்த ஜுகி டாண்டன் அமெரிக்காவில் நடத்திய கம்பெனி. பிரிண்டரோ ஜப்பானின் எப்சன் செய்த எம்.எக்ஸ்.80, அதன் மேல் ஐ.பி.எம். பெயரை ஒட்டி விற்றார்கள். வெளியில் அரைத்த மசாலாவை நம் பெயர் போட்ட பாக்கெட்டில் விற்பது போலத்தான். இதில் தவறொன்றும் இல்லை.

இதில் நமக்கு வேண்டிய விஷயம் வேறு. அந்த மெஷினின் சர்க்யூட் படங்களை ஐ.பி.எம். புத்தகமாகவே அச்சிட்டு விற்றது. எந்தக் கம்பெனி கார்டு செய்தாலும் உள்ளே செருகலாம். பிரிண்டர் மாட்டும் இடமும் அப்படித்தான். சென்ட்ரானிக்ஸ் என்ற அமெரிக்கக் கம்பெனி 1970இல் தன் பிரிண்டருக்காக வைத்த இணைப்பு முறை அது. கம்ப்யூட்டர் பக்கம் 25 ஊசி, பிரிண்டர் பக்கம் 36 ஊசி. நாளடைவில் எல்லாரும் அதையே பின்பற்றியதால், எவர் கம்ப்யூட்டருக்கும் எவர் பிரிண்டரும் பொருந்தியது. பெட்டி பழசானால் பெட்டியை மட்டும் மாற்றலாம். பிரிண்டர் போனால் பிரிண்டரை மட்டும் மாற்றலாம். விலை இறங்கியதற்கும், சாதாரணக் கடைக்காரன் வரை அது வந்து சேர்ந்ததற்கும் இந்தப் பொருத்தம் ஒரு பெரிய காரணம்.

நம் நாட்டுக்கு இது கொஞ்சம் தாமதமாகத்தான் வந்தது. 1978இல் ஐ.பி.எம். இந்தியாவை விட்டே போய்விட்டது. அதற்கு முன்பே, 1976இல், திருச்செந்தூர்ப் பக்கத்துக்காரரான சிவ நாடார் நண்பர்களுடன் எச்.சி.எல். தொடங்கியிருந்தார். 1984 நவம்பரில் ராஜீவ் காந்தி அரசு புதிய கம்ப்யூட்டர் கொள்கையை அறிவித்து இறக்குமதித் தீர்வையைக் குறைத்த பிறகுதான் விலை நம்மவர்கள் நினைத்துப் பார்க்கும் அளவுக்கு வந்தது. ரிச்சி தெருவில் ஆளுக்கொரு பாகமாக வாங்கிக் கோத்துக் கொடுக்க ஆள் இருந்தது. சென்னையைத் தலைமையிடமாகக் கொண்ட டிவிஎஸ் எலக்ட்ரானிக்ஸின் எம்.எஸ்.பி. பிரிண்டர்கள் மண்டிகளிலும் மருந்துக் கடைகளிலும் கரகரவென்று சத்தம் போட்டன. டேலி கணக்கு புரோகிராம் கூட ஒரு வியாபாரியின் தேவையில் பிறந்ததுதான். ஆலைகளுக்கு உதிரிபாகம் சப்ளை செய்த ஷியாம் சுந்தர் கோயங்கா, தன் கணக்குக்கு ஏற்ற புரோகிராம் கிடைக்காமல், மகன் பரத் கோயங்காவை எழுதச் சொன்னார். அது 1986.

நான் 1995இல் பழைய எக்ஸ்.டி. ஒன்றை வாங்கினேன். கடற்கரையிலிருந்து கூப்பிடு தூரத்தில் கடை. உப்புக் காற்றில் ஷட்டரே துருப்பிடிக்கும் இடத்தில் கம்ப்யூட்டர் எம்மாத்திரம்? பிளாப்பியில் பூஞ்சணம் பிடிக்கும். கார்டின் ஓரங்களில் பச்சை படியும். பள்ளிப் பிள்ளையின் ரப்பரால் தேய்த்துத் திரும்பச் செருகுவேன். மூன்று வருடத்தில் திரை போயிற்று, மாற்றினேன். பிரிண்டருக்கு ஒன்றும் ஆகவில்லை. ரிப்பன் மங்கினால் மை போட்டுத் தர ஆள் இருந்தார்.

அந்தப் பின்பக்கத்து 25 ஊசியில்தான் எனக்கு வினையும் வந்தது. பற்று வரவு கணக்குக்கு ஒருவர் புரோகிராம் எழுதிக் கொடுத்தார். பெயர் வேண்டாம். அதைப் பிறர் நகல் எடுக்காமலிருக்க, கட்டைவிரல் அளவில் ஒரு பூட்டைக் கொடுத்து, பிரிண்டர் கேபிளுக்கு நடுவில் மாட்டச் சொன்னார். அது இல்லாமல் புரோகிராம் திறக்காது. 2000 ஜனவரி பிறந்ததும் புரோகிராம் 1900 என்று காட்டிக்கொண்டு நின்றுவிட்டது. எழுதியவர் ஊரிலேயே இல்லை. கணக்கு எழுதப்பட்டிருந்த முறை அவருக்கு மட்டுமே தெரிந்தது. வேறு எவராலும் திறக்க முடியவில்லை. இருநூறுக்கு மேற்பட்ட வீட்டுக் கணக்கு, தீபாவளிக்கு வாங்கியதிலிருந்து பாக்கி, எல்லாம் உள்ளே மாட்டிக்கொண்டது.

என்னைக் காப்பாற்றியது என் கணக்குப்பிள்ளை. பழைய மனிதர், திரையை நம்பமாட்டார். மாதக் கடைசியில் எல்லாப் பாக்கியையும் இரண்டு பக்கமும் துளையிட்ட அந்த நீளக் காகிதத்தில் கார்பன் வைத்து அடித்து, மடித்து, கயிறு கட்டி வைத்திருந்தார். டிசம்பர் கட்டை எடுத்துப் பேரேட்டில் பெயர்த்து எழுத நான்கு நாள் ஆயிற்று. பிரிண்டரை இன்னும் ஏன் வைத்திருக்கிறேன் என்றால் காரணம் இதுதான்.

இன்றைக்குப் பூட்டு கண்ணுக்குத் தெரிவதில்லை, அவ்வளவுதான். வாடகை கட்டும்வரை கணக்கு திறக்கும். புதிய மெஷினே வேண்டாம் என்று நான் சொல்லவில்லை, ஜி.எஸ்.டி. வந்த பிறகு அது முடியவும் முடியாது. கையெழுத்துப் போடுவதற்கு முன், பாக்கிப் பட்டியலும் சரக்குப் பட்டியலும் எவரும் திறக்கக்கூடிய சாதாரண எக்ஸெல் கோப்பாக வெளியே வருமா என்று கடையிலேயே செய்து காட்டச் சொல்லுங்கள். வாயால் "வரும்" என்பதை ஏற்காதீர்கள்.

சின்ன ரோல் காகிதத்தைப் பற்றியும் ஒரு வார்த்தை. அதில் மையே கிடையாது. காகிதத்தின் மேல் பூசிய மருந்து சூட்டில் கறுப்பாகிறது, பிறகு மங்கிப்போகிறது. வெயிலிலோ பிளாஸ்டிக் உறையிலோ வைத்தால் இன்னும் சீக்கிரம். ஜி.எஸ்.டி. சட்டப்படி கணக்கையும் பில்லையும் ஆண்டு ரிட்டர்ன் தாக்கலுக்கான கடைசித் தேதியிலிருந்து 72 மாதம் வைத்திருக்க வேண்டும். மொத்த வியாபாரி ரோலில் பில் கொடுத்தால் அன்றே ஜெராக்ஸ் எடுத்துக் கோப்பில் வையுங்கள். சரக்கு பில்லுக்கு மூன்று பிரதி வேண்டும் என்ற விதிக்கும் (இ-இன்வாய்ஸ் எடுப்பவர்களுக்கு இது கிடையாது) கார்பனோடு ஒரே அடியில் மூன்றும் தரும் டாட் மேட்ரிக்ஸே சௌகரியம். இன்றும் புதிதாகக் கிடைக்கிறது.

அந்த இளைஞர் திரும்பி வந்தால் இன்னொன்றும் கேட்கலாம் என்றிருக்கிறேன்: ரோலை அவரிடமே வாங்க வேண்டுமா, வெளியிலும் வாங்கலாமா என்று.