குறைத்த எடை திரும்பும்போது

நீரிழிவுக்காக ஓராண்டில் 14 கிலோ குறைத்தேன், பாராட்டாதவர் இல்லை. மறு ஆண்டே 9 கிலோ திரும்பியது. வெட்கத்தால் பரிசோதனைக்கு வருவதையே நிறுத்தினேன். எடை கூடியதைவிட அதுவே பெரும்பிழை.

எடை குறைந்தபின் நிறைவுணர்வு தரும் லெப்டின் குறைகிறது. பசியைத் தூண்டும் கிரெலின் கூடுகிறது. ஓராண்டு கடந்தும் இம்மாற்றம் நீடிப்பதை 2011இல் வெளியான மெல்போர்ன் ஆய்வு காட்டியது. இதைச் சோம்பல் என்று வீட்டார் ஏசுவது நியாயமன்று. என் மகள் ஏசவில்லை. சோற்றுப் பாத்திரத்தை மேசையிலிருந்து அடுக்களைக்கு மாற்றினாள், அவ்வளவே.

இலக்கை எட்டியவரை, 'ஆறு மாதம் கழித்து வாருங்கள்' என்று அனுப்புகிறோம். மாதந்தோறும் வரச்சொல்ல வேண்டிய காலம் அதுவே என்பேன். நான் இப்போது அவ்வாறே வருகிறேன். திரும்பியதில் 4 கிலோ இறங்கியுள்ளது. எஞ்சிய 5 இன்னும் அசையவில்லை.