அடுப்பில் நிற்பவர் தீர்மானிக்கட்டும்

காஸ் அடுப்பா, விறகு அடுப்பா என்ற பேச்சு நமது லயங்களில் ஓயவில்லை. "காஸில் ஆக்கிய சோற்றில் ருசியில்லை", "வெடித்தால் லயமே போய்விடும்", "விறகு சும்மா கிடைக்கும்போது காசு எதற்கு?" என்கிறார்கள். இப்படிச் சொல்பவர்களில் பலர் அடுப்படியில் நிற்காதவர்கள்.

விறகு சும்மா கிடைப்பதில்லை. அந்தி நிறுவை முடிந்து, கவ்வாத்து மலையில் மிலாறு பொறுக்கித் தலையில் சுமந்து வருபவர் பெண். அந்த உழைப்புக்குச் செக்ரோலில் பெயர் விழுவதில்லை. மழைக் காலத்தில் ஈர விறகை ஊதி ஊதி, பிரட்டுக்கு முன் சமைத்து முடிப்பவரும் அவரே. காற்றோட்டமில்லாத காம்பிராவில் அந்தப் புகையைப் பிள்ளைகளும் சுவாசிக்கிறார்கள். வீட்டுப் புகையால் 2020இல் உலகில் 32 இலட்சம் பேர் இறந்ததாக உலக சுகாதார அமைப்பு கணக்கிட்டுள்ளது.

காஸ் பற்றிய பயமும் பொய்யல்ல. 2021 இறுதியில் நாடெங்கும் அடுப்புகள் வெடித்ததை நாம் மறக்கவில்லை. 2022 ஏப்ரலில் 12.5 கிலோ சிலிண்டர் 4,860 ரூபாவானது. அப்போது நமது நாட்சம்பளமோ 1,000 ரூபாவாக இருந்தது. ஒரு சிலிண்டருக்கு ஐந்து நாள் வேலை! அதுவும் கிடைக்காமல் நகரத்து மக்களே விறகு தேடி அலைந்தார்கள். எனவே காஸ் வாங்கியவர்களும் விறகு அடுப்பை இடித்துவிட வேண்டாம். காலை அவசரத்துக்குக் காஸ், ஓய்வு நாளில் விறகு என்று இரண்டையும் வைத்துக்கொள்ளலாம்.

காஸ் காற்றை விடப் பாரமானது. கசிந்தால் தரையோடு தங்கும். வாடை வந்தால் தீக்குச்சி கிழிக்கவோ, சுவிட்சைத் தொடவோ கூடாது. ரெகுலேட்டரை மூடி, கதவைத் திறந்துவிட்டு வெளியேற வேண்டும். குழாயில் சவர்க்கார நுரை தடவிப் பார்த்தால், கசியும் இடத்தில் குமிழி எழும்.

ஆனால் ஜன்னலே இல்லாத காம்பிராவில் எந்த அடுப்பும் ஆபத்துத்தான். ஆகவே நாம் கேட்பது இதுதான்: புதிய வீடுகள் ஒவ்வொன்றிலும் புகைபோக்கியும் ஜன்னலும் உள்ள தனிச் சமையலறை வேண்டும். பழைய லயங்களின் அடுப்படிகளை நிர்வாகம் திருத்தித் தர வேண்டும். மிலாறு பொறுக்குவதைத் தடுக்கக் கூடாது.

வீட்டில் எந்த அடுப்பு என்பதை அதில் சமைப்பவரே தீர்மானிக்கட்டும். ருசி போதவில்லை என்று சொல்லும் ஆண் தோழர்கள், நாளைக் காலை ஈர விறகைத் தாங்களே ஊதிப் பார்க்கட்டும்.