புல்வெளியில் ஒளிந்திருக்கும் உணவு

அமெரிக்காவின் நடுப் பகுதியில் பெரிய புல்வெளிகள் உண்டு. கண்ணுக்கு எட்டிய தூரம் வரை புல்தான். அங்கே புல்லோடு புல்லாக ஒரு சிறு செடி வளர்கிறது. அதன் பெயர், டிம்ப்சிலா. லகோட்டா என்னும் பழங்குடி மக்கள் வைத்த பெயர் அது.

இது அவரைக் குடும்பத்துச் செடி. துவரை, நிலக்கடலை, அகத்தி எல்லாம் இதற்கு உறவு!

மண்ணுக்குள் கிழங்கு

செடியின் உயரம் ஓர் அடிதான். ஆனால் மண்ணுக்குள்ளே கோழி முட்டை பருமனில் ஒரு கிழங்கு இருக்கிறது. தோலை உரித்தால், வெள்ளை வெளேர் என்று இருக்கும். பச்சையாகத் தின்னலாம். வேக வைத்தும் தின்னலாம். காய வைத்து மாவாகவும் இடிக்கலாம்.

லகோட்டா பெண்கள் கிழங்குகளைச் சடை போலப் பின்னி, வீட்டில் தொங்க விடுவார்கள். குளிர் காலத்துக்கு அதுவே சேமிப்பு.

1805-ம் ஆண்டு மே மாதம் அந்த வழியாகப் பயணம் சென்ற மெரிவெதர் லூயிஸ், இந்தக் கிழங்கைப் பற்றித் தன் குறிப்பேட்டில் எழுதி வைத்தார். "வெள்ளை ஆப்பிள்" என்று அதைக் குறிப்பிட்டார்.

அடையாளம் என்ன?

ஒரு காம்பில் பெரும்பாலும் ஐந்து சிற்றிலைகள் இருக்கும். விரித்த கை போலத் தோன்றும். தண்டு முழுவதும் நீண்ட வெள்ளை ரோமம். நீலமும் ஊதாவும் கலந்த பூக்கள் நெருக்கமான கொத்தாகப் பூக்கும். பூவின் அமைப்பு அவரைப் பூவைப் போன்றது. காய் சிறியது. அதில் ஒரே ஒரு விதைதான்.

ஆனால், வெளுத்ததெல்லாம் பால் அல்ல! அதே நாட்டில் லூப்பின் என்று ஒரு செடி உண்டு. அதுவும் அவரைக் குடும்பம்தான். அதன் இலையும் விரித்த கை போலவே இருக்கும். லூப்பின் வகைகளில் சில, விஷம் உள்ளவை. ஆகவே, ஓர் அடையாளத்தை மட்டும் பார்த்துக் கிழங்கைத் தோண்டுவது ஆபத்து. இலை, ரோமம், பூ, காய், கிழங்கு எல்லாம் பொருந்த வேண்டும்.

இன்னொரு சங்கடமும் உண்டு. விதை முற்றியதும் தண்டு தரையோடு முறிந்துவிடும். காற்று அதை உருட்டிக்கொண்டு போகும். விதைகள் வழி நெடுகச் சிதறும். பிறகு, கிழங்கு எங்கே இருக்கிறது என்று யாருக்கும் தெரியாது! ஆண்டில் சில வாரங்களே அதைக் கண்டுபிடிக்க முடியும்.

தாய் தந்த பாடம்

"ஒரு செடியின் கிளை, அடுத்த செடி இருக்கும் திசையைக் காட்டும்" என்று லகோட்டா தாய்மார் பிள்ளைகளிடம் சொல்வார்கள். பிள்ளைகள் அந்தத் திசையில் ஓடித் தேடுவார்கள். விளையாட்டோடு விளையாட்டாகச் செடியைப் பழகிக்கொள்வார்கள்.

19-ம் நூற்றாண்டில் குடியேறியவர்கள் புல்வெளிகளை உழுது வயல்கள் ஆக்கினார்கள். உழுத மண்ணில் டிம்ப்சிலா எளிதில் திரும்ப வருவதில்லை. மெதுவாக வளரும் செடி அது. உழாத இடங்களிலேதான் இன்று அதைப் பார்க்கலாம்.

மிஞ்சிய புல்வெளிகளைக் காப்பது அவசியம். தோண்டுபவர்கள், விதை முற்றிய பிறகு தோண்ட வேண்டும். விதையை அந்தக் குழியிலேயே போட்டு மூட வேண்டும். எல்லாச் செடிகளையும் தோண்டிவிடக் கூடாது.

இவற்றைவிட முக்கியமானது, பிள்ளைகளுக்குக் காட்டிக் கொடுப்பது. அடையாளம் தெரியாதவர் கண்ணுக்கு டிம்ப்சிலா வெறும் களை. அதை உழுது தள்ள அவர் தயங்கமாட்டார். அடையாளம் தெரிந்தவரோ, ஏரை நிறுத்திவிட்டு ஒரு நிமிடம் யோசிப்பார்!